முதல் மூன்று மாத மருத்துவப் பரிசோதனை: செட்டிநாட்டுப் பக்கம் புதிதாக வந்திருக்கும் ஈழக் குடும்பங்களுக்கு

மண்டபம் முகாமில் பதிவு முடிந்து காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கம் மறுவாழ்வு முகாமுக்கோ உறவினர் வீட்டுக்கோ வந்து சேரும் இலங்கைத் தமிழ்க் குடும்பங்களுக்கும், அவர்களைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிற அக்கம்பக்கத்தாருக்கும் இந்தக் குறிப்பு.

முதலில் ஒரு செலவைத் தவிர்த்துக்கொள்ளுங்கள். வந்த வாரமே யாராவது நல்லெண்ணத்தில் தனியார் லேபில் ‘மாஸ்டர் செக்கப்’ எடுக்கச் சொல்வார்கள். அந்தத் தொகுப்பில் கொழுப்பு, தைராய்டு எல்லாம் இருக்கும். புதிதாக வந்தவருக்கு முக்கியமாக வேண்டிய சளிப் பரிசோதனை, மஞ்சள் காமாலை பி, தடுப்பூசிக் கணக்கு, தோல், பல், பழைய காயம் இவை பெரும்பாலும் இருக்காது. வேண்டியதில் ஏறக்குறைய எல்லாமே அரசு மருத்துவமனையில் காசில்லாமல் நடக்கும். ஆனால் ஒரே நாளில் நடக்காது. எது முதலில், எது பிறகு என்ற வரிசையும், ஒவ்வொன்றையும் எழுதி வைக்கிற பழக்கமும் இருந்தால் போதும். அமெரிக்காவிலும்கூட அகதிகளாக வருவோருக்கு இந்தப் பரிசோதனையை முடிக்க 30 முதல் 90 நாள் வரை என்றுதான் வைத்திருக்கிறார்கள்.

முதல் இரண்டு நாள்: தள்ளிப்போடக் கூடாதவை

மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, வலிப்பு, இரத்தம் கலந்த சளி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, எதைக் கொடுத்தாலும் வாந்தி எடுத்துத் துவண்டு கிடக்கும் குழந்தை, கர்ப்பிணிக்கு இரத்தப்போக்கு அல்லது வயிற்றில் பிள்ளை அசைவு குறைதல். இதில் ஒன்று இருந்தாலும் அட்டை, பதிவு எதற்கும் காத்திராமல் 108ஐக் கூப்பிடுங்கள். காகிதத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

படகில் வந்தவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. படகின் அடியில் தேங்கிய கடல்நீரில் பெட்ரோலோ மண்ணெண்ணெயோ கலந்திருந்தால், அதில் மணிக்கணக்கில் உட்கார்ந்தவர்களுக்குத் தொடையிலும் பிட்டத்திலும் தோல் வெந்துபோயிருக்கும். வெயில் பட்டது, உப்புத் தண்ணீர் அரித்தது என்று நினைத்துத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு இருந்துவிடுவார்கள். பெண்கள் வெட்கப்பட்டுச் சொல்லவும் மாட்டார்கள். நீங்களாகக் கேளுங்கள். போட்டு வந்த உடையைக் கழற்றி, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அடுத்தது நின்றுபோன மருந்து. சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, வலிப்பு, இருதயம், மனநலம், தைராய்டு, ஆஸ்துமா இவற்றுக்குத் தினமும் மருந்து சாப்பிட்டவர் யார், கடைசியாக என்று சாப்பிட்டார் என்று வீடு முழுக்கக் கேளுங்கள். வலிப்பு மாத்திரையும் இன்சுலினும் இரண்டு நாள் நின்றாலே ஆபத்து. மற்றப் பரிசோதனை எதற்கும் முன்னால் இவர்களுக்கு மருந்து கைக்கு வந்துவிட வேண்டும்.

இன்சுலின் போடுகிறவர்கள் குப்பியின் மேல் இருக்கும் எண்ணைப் படியுங்கள். ஒரு மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என இரண்டு வகை உண்டு. இங்கே அரசு மருத்துவமனையில் பெரும்பாலும் 40தான். அதற்குரிய ஊசிக்குச் சிவப்பு மூடி. 100க்கு உரிய ஊசிக்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் 20 கோடு வரை இழுத்தால் உடம்பில் ஏறுவது 50 யூனிட். மயங்கி விழுவார்கள். மாற்றி 40 மருந்தை ஆரஞ்சு மூடி ஊசியில் 20 இழுத்தால் ஏறுவது 8தான்; சர்க்கரை இறங்கவே இறங்காது, மருத்துவர் அளவைக் கூட்டிக்கொண்டே போவார். இலங்கையிலிருந்து கொண்டுவந்த ஊசியை இங்கே வாங்கிய மருந்துக்குப் பயன்படுத்தாதீர்கள். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் மண்பானையில் ஈரமணல் போட்டு, குப்பியைப் பாலிதீன் பையில் கட்டி அதில் வைக்கலாம். சித்திரை, வைகாசி வெயிலில் தகரக் கூரையடியில் வைத்த இன்சுலின் கெட்டுப்போகும்.

ஆளுக்கொரு நோட்டு

பத்திருபது ரூபாய் நோட்டு போதும், ஆனால் ஆளுக்கு ஒன்று. குடும்பத்துக்கு ஒரே நோட்டு வைத்தால் அப்பாவுடைய சர்க்கரை அளவு பிள்ளையின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். முதல் பக்கத்தில் பெயர், பிறந்த தேதி, இரத்த வகை, ஒவ்வாத மருந்து, முகாம் அட்டை எண். பெயரை எல்லாக் காகிதத்திலும் ஒரே எழுத்துக்கூட்டில் எழுதச் சொல்லுங்கள். தகப்பன் பெயர் ஒரு சீட்டில் முன்னால், இன்னொன்றில் பின்னால் என்று வந்தால் காப்பீட்டு அட்டை வாங்கும்போது அலைய வேண்டிவரும்.

இரண்டாம் பக்கம் பழைய வரலாறு: அறுவை சிகிச்சை, பிரசவம், ஆஸ்பத்திரியில் படுத்த நோய், குடும்பத்தில் காசநோய் வந்தவர் யார். இலங்கை கிளினிக் கொப்பி, பிள்ளைகளின் சுகாதார வளர்ச்சிப் பதிவேடு, மருந்துச் சீட்டு எது இருந்தாலும் பத்திரப்படுத்துங்கள். நனைந்திருந்தாலும் காய வைத்து எடுத்து வையுங்கள். ஒன்றும் இல்லையென்றால், ஊரில் இருக்கிற உறவினரிடம் அங்கே கிடக்கும் பழைய சீட்டைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லலாம். காலி மாத்திரை அட்டைகூட உதவும். வணிகப் பெயர் இங்கே வேறாக இருக்கும், உள்ளே இருக்கிற மருந்தின் பெயர் ஒன்றுதான். பனடோலும் டோலோவும் ஒரே பாரசிட்டமால். அது தெரியாமல் காலையில் அதுவும் மத்தியானம் இதுவும் போட்டு அளவு மீறுகிறவர்கள் உண்டு. பெரியவருக்கு ஒரு நாளைக்கு 4 கிராம் மேல் போகக் கூடாது. அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு.

இரண்டு பக்கமும் தமிழ்தான் என்றாலும் ஓபியில் பேச்சு இடறும். குளிசை என்றால் மாத்திரை, சத்தி என்றால் வாந்தி, வயிற்றோட்டம் என்றால் பேதி, தடிமன் என்றால் சளி, நாரி என்றால் இடுப்பு, முட்டு என்றால் ஆஸ்துமா என்று கூடப் போகிறவர் தெரிந்துவைத்திருந்தால் நர்ஸம்மாவுக்கும் நேரம் மிச்சம்.

எங்கே, எந்த நாளில்

முதல் படி உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையம், காரைக்குடி நகருக்குள் என்றால் நகர்ப்புற சுகாதார நிலையம். கிராம சுகாதார செவிலியரிடம் குடும்பத்தோடு பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். தடுப்பூசி, கர்ப்பப் பதிவு, மருந்து எல்லாம் அவர் வழியாகத்தான் வரும். எக்ஸ்ரே, சளி, கூடுதல் இரத்தப் பரிசோதனைக்குக் காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் அரசு மருத்துவமனைகள். அதற்கும் மேலே சிறப்பு மருத்துவர் வேண்டுமென்றால் 2012இல் தொடங்கிய சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனைக்கு நேரே போய் நிற்க வேண்டாம். இங்கிருந்து பரிந்துரைச் சீட்டு வாங்கிக்கொண்டு போனால் சரியான பிரிவுக்கு நேராக அனுப்புவார்கள்.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவ்வாய் கர்ப்பிணிகளுக்கு, புதன் தடுப்பூசிக்கு என்பது தமிழ்நாடு முழுக்க வழக்கம். அந்த நாளில் மற்ற வேலைக்குப் போனால் கூட்டத்தில் நிற்க வேண்டிவரும். வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்க வேண்டியவர் காலையிலேயே போய்ச் சீட்டு எடுங்கள், இட்லியைத் தூக்குவாளியில் எடுத்துப் போங்கள். சாப்பிட்ட இரண்டு மணி நேரம் கழித்து இரண்டாம் முறை இரத்தம் எடுப்பார்கள்; வெளியே கடை தேடிப் போனால் அந்த நேரம் தவறிவிடும்.

பெயின்ட் வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்களுக்கு ஒரு நாள் ஆஸ்பத்திரி என்றால் ஒரு நாள் கூலி போச்சு. அதனால்தான் ஆண்கள் முதல் தடவை வந்துவிட்டு முடிவு வாங்க வருவதில்லை. இது எங்கும் நடக்கிறது. எடுத்த பரிசோதனையின் முடிவை வீட்டில் வேறு யாரும் போய் வாங்கலாமா என்று அன்றே கேட்டு வையுங்கள். எச்ஐவி முடிவு மட்டும் அவரவர் கையில்தான் தருவார்கள்.

முகாமில் பதிவானவர்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம், வருமான வரம்பு இல்லை. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. ஆட்சியர் அலுவலகத்தில் இதற்கான மையம் இருக்கிறது. நோய் வந்த பிறகு அட்டைக்கு ஓடாதீர்கள். உடம்பு நன்றாக இருக்கும்போதே குடும்பம் மொத்தமும் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

காசநோய்: இதில் அவசரப்படக் கூடாது, விடவும் கூடாது

நெருக்கமான வீடு, போதாத சாப்பாடு, நீண்ட மன அழுத்தம் மூன்றும் சேர்ந்தால் உள்ளே உறங்கிக் கிடந்த காசநோய்க் கிருமி விழிக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைதல், கழுத்தில் கட்டி என்று கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று சொல்கிறவரிடமும் எக்ஸ்ரேயில் நோய் தெரிவது உண்டு. ஆகவே பெரியவர்கள் எல்லாருமே ஒரு முறை மார்பு எக்ஸ்ரே எடுத்துக்கொள்வது நல்லது. கர்ப்பம் இருக்கலாம் என்றால் எக்ஸ்ரே அறைக்குள் போகும் முன்பே சொல்லுங்கள்.

சந்தேகம் இருந்தால் சளி கேட்பார்கள். இங்கேதான் பாதிப் பேருக்குத் தவறுகிறது. டப்பாவில் எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிட்டு, ‘ஒன்றும் இல்லை’ என்று முடிவு வந்ததும் நிம்மதியாகப் போய்விடுவார்கள். காலையில் எழுந்ததும், எதுவும் சாப்பிடும் முன், வெறும் தண்ணீரில் வாய் கொப்பளியுங்கள். வீட்டுக்குள் வேண்டாம், வெட்டவெளியில் யாரும் பக்கத்தில் இல்லாத இடத்தில் நில்லுங்கள். இரண்டு முறை ஆழமாக மூச்சை இழுத்து விட்டு, மூன்றாவது இழுப்பில் நெஞ்சின் அடியிலிருந்து இருமுங்கள். கெட்டியாக, வெள்ளையாகவோ மஞ்சளாகவோ வருவதுதான் சளி. ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைய இருந்தால் போதும். நுரையும் தெளிந்த நீருமாக இருந்தால் அது எச்சில், மறுபடி முயலுங்கள். மூடியை இறுக்கி, டப்பாவின் உடம்பில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். மூடியில் மட்டும் எழுதியிருந்தால் மூடி மாறும்போது ஆளும் மாறிவிடும். ட்ரூநாட், சிபிநாட் என்ற இயந்திரப் பரிசோதனை கிருமியையும், ரிஃபாம்பிசின் மருந்துக்கு அது கட்டுப்படுமா என்பதையும் சேர்த்தே சொல்லும்.

இருமலுக்கு மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாட்டிக்கை, முக்கியமாக லெவோஃப்ளாக்சசினை, சளி கொடுக்கும் முன் சாப்பிடாதீர்கள். காசநோயைக் கொஞ்ச நாள் அமுக்கி வைக்கும், பரிசோதனையை ஏமாற்றும், கிருமிக்கு எதிர்ப்பையும் பழக்கிவிடும்.

காசநோய்க் கிருமி உள்ளே இருக்கிறதா என்று பார்க்கக் குழந்தைகளுக்குக் கையில் போடும் மாண்டோ ஊசியை 48 மணி நேரத்துக்கு மேல், 72 மணி நேரத்துக்குள் காட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை போட்டுக்கொண்டு வந்தால் ஞாயிற்றுக்கிழமை பார்க்க ஆள் இருக்காது. அளப்பது சிவப்பை அல்ல, தடிப்பை. அதற்குள் சொறிந்தாலும் தைலம் தேய்த்தாலும் அளவு கெட்டுவிடும்.

நோய் உறுதியானால் சாதாரண வகைக்கு மருந்து 6 மாதம், இலவசம். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போவதைக் கண்டு பயந்து நிறுத்தாதீர்கள். அது ரிஃபாம்பிசினின் நிறம். கண் மஞ்சளானாலோ பார்வை மங்கினாலோ உடனே போய்க் காட்டுங்கள். இரண்டு மாதத்தில் உடம்பு தேறிவிடும், பசி வரும், வேலைக்குப் போகலாம் போலிருக்கும். பெரும்பாலோர் மருந்தை விடுவது அந்த இடத்தில்தான். ஊட்டச்சத்துக்கு மாதம் 1000 ரூபாய் வரும், அதற்கு வங்கிக் கணக்கு வேண்டும். ஒரே வீட்டில் இருக்கும் எல்லாரையும் பரிசோதிப்பார்கள். 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு நோய் இல்லாவிட்டாலும் தடுப்பு மருந்து தருவார்கள். அதை வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

இரத்தம், சிறுநீர், மலம்

ஒரே ஊசிக் குத்தில் முடியக் கூடியவை: ஹீமோகுளோபின், சர்க்கரை, சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின், மஞ்சள் காமாலை பி, சி, பால்வினை நோய்க்கான விடிஆர்எல். எச்ஐவிக்கு அரசு மருத்துவமனையிலுள்ள நம்பிக்கை மையத்தில் பேசிவிட்டு, உங்கள் சம்மதத்தோடுதான் எடுக்க வேண்டும். 2017ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12க்கும், ஆண்களுக்கு 13க்கும், கர்ப்பிணிக்கு 11க்கும் கீழே என்றால் இரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு போடலாம், தேநீரோடு போடக் கூடாது. மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் பிளேன்டீயை நிறுத்துங்கள். யாழ்ப்பாணத்து வழக்கத்துக்கு இது கஷ்டம்தான். மலம் கறுப்பாகப் போனால் பயம் இல்லை. ஒழுங்காக மூன்று மாதம் சாப்பிட்டும் ஏறவில்லை என்றால் பரம்பரையாக வரும் இரத்தக் குறைபாடான தலசீமியா இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இலங்கையில் அந்த மரபுக்கூறு உள்ளவர்கள் கணிசம். மணமுடிக்கப் போகிறவர்கள் இதை முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

வவுனியா, அனுராதபுரம் பக்கம் வயல் வேலை செய்தவர்கள் கிரியேட்டினினையும் சிறுநீரில் புரதத்தையும் விடாமல் பார்க்க வேண்டும். இலங்கையின் வட மத்திய மாகாணத்திலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் காரணம் முழுதாகப் பிடிபடாத சிறுநீரக நோய் பல ஆண்டுகளாக இருக்கிறது. சர்க்கரையும் கொதிப்பும் இல்லாத நாற்பது வயதுக்காரரிடமும் ஓசைப்படாமல் வளரும். சிறுநீரகம் பழுதான பிறகு நாரி நோவுக்குக் கடையில் வாங்கும் டைக்லோஃபெனாக் விஷம் மாதிரி.

குடற்புழுவுக்கு இரண்டு வயதுக்கு மேல் அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், ஒன்றிலிருந்து இரண்டு வயது வரை 200. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் வேண்டாம். சின்னப் பிள்ளைக்கு நசுக்கித் தண்ணீரில் கலந்து கொடுங்கள், முழு மாத்திரை தொண்டையில் சிக்கும். ஆஸ்துமாவுக்கோ மூட்டுக்கோ நீண்ட நாள் ஸ்டீராய்டு கொடுக்கப் போகிறார்கள் என்றால், ‘ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் புழு பார்த்தாச்சா’ என்று மருத்துவரைக் கேளுங்கள். ஒற்றை அல்பெண்டசோலுக்கு அது போகாது; ஸ்டீராய்டு பட்டால் உடம்பெல்லாம் பரவும்.

மலேரியா பற்றிப் பலர் கேட்கிறார்கள். இலங்கை 2016இலேயே உலக சுகாதார நிறுவனத்திடம் மலேரியா இல்லாத நாடு என்று சான்று பெற்றது. இந்தியா இன்னும் பெறவில்லை. வந்த பிறகு குளிர்காய்ச்சல் கண்டால் இரத்தத் தடவல் எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

சொறி சிரங்கு

ஒரு அறையில் ஆறு பேர் படுத்தால் சிரங்கு வராமல் இருக்காது. இரவில் கூடும் அரிப்பு, விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு, தொப்புளைச் சுற்றிப் பொரி. பெர்மெத்ரின் 5 சதவீதக் களிம்பை இரவு குளித்துத் துவட்டிய பின் கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை தடவுங்கள். நகத்தடி, அக்குள், இடுப்புக்குக் கீழே எதையும் விடாதீர்கள். காலையில் கழுவுங்கள். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. கைக்குழந்தைக்குத் தலையிலும் தடவ வேண்டும். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு மருத்துவர் வேறு மருந்து தருவார்.

மருந்து பலிக்காத வீடுகளில் காரணம் ஒன்றுதான்: அரிப்பு இருப்பவர் மட்டும் தடவுவது. ஒரே இரவில் வீட்டில் எல்லாரும் தடவ வேண்டும். அன்றே போர்வை, தலையணை உறை, உடுத்த துணி எல்லாம் சுடுதண்ணீரில் துவைத்து வெயிலில் போடுங்கள். துவைக்க முடியாததைப் பாலிதீன் பையில் கட்டி மூன்று நாள் ஓரமாக வையுங்கள். பூச்சி செத்த பிறகும் இரண்டு, மூன்று வாரம் அரிக்கும். அதற்காகத் தினமும் தடவினால் தோல் வெந்துபோகும்.

பிள்ளைகள்

இலங்கைத் தடுப்பூசி அட்டவணை நல்ல அட்டவணை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அங்கேயே ஒழுங்காகப் போட்டிருப்பார்கள். ஆனால் மாதக் கணக்கு வேறு. ஐந்து நோய்த் தடுப்பூசி அங்கே 2, 4, 6 மாதத்தில். இங்கே 6, 10, 14 வாரத்தில். அங்கே 9 மாதத்திலும் 3 வயதிலும் எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா). இங்கே 9 மாதத்திலும் 16 முதல் 24 மாதத்துக்குள்ளும் எம்ஆர் (தட்டம்மை, ரூபெல்லா). பதிவேட்டை அப்படியே செவிலியரிடம் கொடுங்கள், அவரே ஒப்பிட்டுப் பார்ப்பார். போட்ட ஊசியை முதலிலிருந்து போட வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பதிவேடே தொலைந்துவிட்டால், போடாததாக எடுத்துக்கொண்டு வயதுக்கு ஏற்றபடி போடுவார்கள். கூடுதலாக ஒரு ஊசி விழுந்தால் கெடுதல் இல்லை. ரோட்டா சொட்டு மருந்துக்கும் ஐந்து நோய்த் தடுப்பூசிக்கும் முதல் தவணை ஒரு வயதுக்குள் தொடங்க வேண்டும் என்பதால் கைக்குழந்தை இருக்கும் வீடு முதல் புதன்கிழமையைத் தவறவிடக் கூடாது.

ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை அங்கன்வாடியில் எடை, உயரத்தோடு புஜத்தையும் நாடாவால் அளப்பார்கள். 12.5 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் ஊட்டம் போதவில்லை, 11.5க்குக் கீழே என்றால் அன்றே ஆஸ்பத்திரி. கால் இரண்டும் வீங்கி, அழுத்தினால் குழி விழுகிற பிள்ளை எடை கூடியதுபோல் தெரியும். அதுவும் அவசரம்தான்.

பேதிக்கு ஓஆர்எஸ் பாக்கெட்டை முழுதாக ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்க வேண்டும். ஒரு டம்ளருக்கு ஒரு சிட்டிகை என்று பிரித்தால் உப்பு ஒரு நேரம் கூடும், ஒரு நேரம் குறையும். 24 மணி நேரம் கழித்து மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். கூடவே துத்தநாக மாத்திரை 14 நாள், பேதி மூன்றாம் நாளே நின்றாலும்.

பள்ளியில் சேர்க்கும் முன் கண், காது பார்த்துவிடுங்கள். பாடம் புரியவில்லை, பிள்ளை மந்தம் என்று சொல்லப்படுகிற பல பிள்ளைகளுக்குக் கரும்பலகை தெரியவில்லை என்பதுதான் விஷயம்.

பெண்கள்

கர்ப்பம் என்று தெரிந்த உடனே செவிலியரிடம் பதிந்து, பிக்மி எண் என்ற கர்ப்பப் பதிவு எண்ணை வாங்குங்கள். பிறகு பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண்ணைக் கேட்பார்கள். நாடற்ற பிள்ளை என்ற சிக்கல் தலைமுறை தாண்டித் தொடர்கிற சமூகத்தில் பிறப்புச் சான்றிதழ் வெறும் காகிதம் இல்லை.

இலங்கையில் கையின் உட்புறம் தோலுக்கடியில் கருத்தடைக் குச்சி வைத்துக்கொண்டவர்கள் வைத்த தேதியை நோட்டில் எழுதுங்கள். இங்குள்ள செவிலியர் அதை அதிகம் பார்த்திருக்க மாட்டார். நீங்களாகச் சொன்னால்தான் தெரியும். எடுக்க மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக வேண்டியிருக்கலாம். மூன்று மாத ஊசி போட்டவர்களுக்கு அதே ஊசி இங்கே ‘அந்தரா’ என்ற பெயரில் இலவசம். மாதவிலக்கு நின்றால் ஊசியால்தான் என்று இருந்துவிடாமல் ஒருமுறை சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

வழியிலோ வீட்டிலோ வன்முறைக்கு ஆளானவர்கள் எல்லார் முன்னிலையிலும் பேச மாட்டார்கள். கூடப் போகிற ஆண்கள் வெளியே நிற்க வேண்டிய நேரம் இது. பெண்களுக்கான உதவி எண் 181.

பழைய காயம்

போர்க் காலத்தில் ஷெல் துண்டு பட்டவர்கள் பலர், அது உள்ளேயே இருப்பதை மறந்தே போயிருக்கிறார்கள். வேறு எதற்கோ எம்ஆர்ஐ எழுதுவார்கள். அந்த இயந்திரத்தின் காந்தம் உள்ளே கிடக்கும் இரும்பை நகர்த்தும், சூடாக்கும். கண்ணருகிலோ முதுகுத்தண்டருகிலோ இருந்தால் பார்வை போகலாம், கால் விழலாம். உடம்பில் எங்கே துண்டு இருக்கிறது என்று நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதுங்கள். எம்ஆர்ஐக்கு முன் சாதாரண எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். பழைய தழும்பிலிருந்து திடீரென்று சீழ் வடிந்தால் மேலே கட்டுப் போட்டால் ஆறாது. உள்ளே துண்டோ எலும்புச் சிதைவோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

செயற்கைக் கால் போட்டவர்களுக்கு எடை கூடினாலோ குறைந்தாலோ கிண்ணம் பொருந்தாது. துணியைச் சுருட்டி அடைத்துக்கொண்டு நடந்தால் மொட்டைக்கால் நுனி புண்ணாகும், சர்க்கரையும் இருந்தால் இன்னும் மேலே வெட்ட வேண்டிவரும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு கொடுங்கள்.

வெற்றிலை, புகையிலை போடுகிறவர்கள் வாயை அகலத் திறந்து பல் மருத்துவரிடம் காட்டுங்கள். மூன்று வாரம் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, காரம் பட்டால் எரிச்சல், மூன்று விரல் நுழையாத வாய் இருந்தால் தள்ளிப்போடக் கூடாது.

தூக்கமும் மனமும்

முதல் மாதம் பெரும்பாலும் மனத்தில் ஒன்றும் தெரியாது. பதிவு, வீடு, பள்ளி என்று ஓட்டமாக இருக்கும். இரண்டாம், மூன்றாம் மாதத்தில்தான் தூக்கம் போகும், பட்டாசுச் சத்தத்துக்கு உடம்பு தூக்கிப்போடும், பிள்ளை படுக்கையில் சிறுநீர் கழிக்கும், கணவர் குடிப்பார். பலர் இதைத் தலையிடி, நெஞ்சுப் படபடப்பு, வயிற்றெரிவு என்றுதான் சொல்வார்கள். ஈசிஜியும் ஸ்கேனும் ஒன்றும் காட்டாது. மருத்துவரிடம் ‘தூங்குவதில்லை’ என்ற ஒரு வார்த்தையைச் சேர்த்துச் சொன்னால் வழி திறக்கும். அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் இருக்கிறார், 14416 என்ற மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். செத்துப்போகலாம் என்று யாராவது சொன்னால் வெறும் பேச்சு என்று தள்ளாதீர்கள். தனியாக விடாமல் கூட ஒருவர் இருங்கள், பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் வீட்டை விட்டே அகற்றுங்கள், அன்றே கூட்டிப்போங்கள்.

இந்த மண்ணின் நோய்கள்

ஐப்பசி, கார்த்திகை மழையில் டெங்கு வரும். தண்ணீர் லாரிக்காக நிரப்பி வைக்கிற டிரம்மையும் அண்டாவையும் வாரம் ஒருமுறை கொட்டி, உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். கொசு முட்டை சுவரில் ஒட்டியிருக்கும், தண்ணீரை மாற்றினால் மட்டும் போகாது. காய்ச்சல் விட்ட பிறகு வரும் இரண்டு நாள்தான் டெங்குவில் ஆபத்து. ஐந்து நாளுக்கு மேல் காய்ச்சல், உடம்பில் எங்காவது சிகரெட் சுட்டது போன்ற கறுப்புப் புண் என்றால் உண்ணிக் காய்ச்சல். புண் அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ ஒளிந்திருக்கும், தேடித்தான் பார்க்க வேண்டும். டாக்சிசைக்ளின் என்ற மருந்துக்குச் சீக்கிரம் கேட்கும்.

பாம்பு கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், அந்தக் கையையோ காலையோ அசைக்காமல் அரசு மருத்துவமனைக்கு. நாய் கடித்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே முதல் ஊசி.

இடம் மாறும்போது

மூன்று மாதத்தில் எல்லாம் முடிந்துவிடாது. பெரியவர்களுக்கான மஞ்சள் காமாலை பி ஊசியின் மூன்றாம் தவணை ஆறாம் மாதத்தில்தான். அதற்குள் பலர் வேலை தேடித் திருப்பூர் பக்கமோ, வேறு மாவட்டத்து முகாமுக்கோ, ஊருக்கே திரும்பியோ போய்விடுகிறார்கள். நோட்டின் எல்லாப் பக்கத்தையும் கைப்பேசியில் படமெடுத்து, வேறு ஒருவருடைய கைப்பேசிக்கும் அனுப்பி வையுங்கள். எக்ஸ்ரே படத்தைச் சுருட்டாமல் அட்டைக்குள் வைத்துக் கொண்டுபோங்கள். காசநோய் மருந்து சாப்பிடுகிறவர் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே மருந்து தரும் இடத்தில் சொன்னால் போகிற ஊருக்குப் பதிவை மாற்றிக்கொடுத்து, வழிக்கு வேண்டிய மாத்திரையையும் கையில் தருவார்கள். சொல்லாமல் போனால் புது ஊரில் முதல் நாளிலிருந்து விளக்க வேண்டிவரும், அதற்குள் மாத்திரை இரண்டு வாரம் விட்டுப்போயிருக்கும்.